ஒரு ராத்திரி மட்டும் ரிட்டயர் ஆனவர்

ரிட்டயர் ஆகிறவர்களுக்குக் கொடுக்க டெல்லியில் பணம் இல்லையாம். அதனால் இனி மத்திய சர்க்காரில் யாரையும் ரிட்டயர் ஆகவே விடப்போவதில்லையாம்.

மைசூரில் இந்தச் செய்தி முதலில் வந்து இறங்கியது காந்தி நகர்ப் பக்கம் ஒரு பால் பூத்தில். 1998, மே மாதம் பதினான்காம் தேதி காலை. யார் சொன்னது என்று பிறகு எவ்வளவு விசாரித்தும் தெரியவில்லை. வதந்தியிடம் போய்த் தகப்பன் பெயர் கேட்பது மரியாதையும் அல்ல. வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு பிடி சேர்த்து அதை வளர்த்தார்கள். அந்த வாரம்தான் ராஜஸ்தான் பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனை நடந்திருந்தது.

"குண்டு சும்னே வெடிக்குமா ஸ்வாமி? எல்லாம் பென்ஷன்காரன் துட்டு" என்றார் ஒருவர்.

"வெளிநாட்டுக்காரன் இனிமே கடன் தரமாட்டானாம். வட்டி கட்டவே வழியில்லை, இதுல ரிட்டயர்மென்ட் பணம் வேற கேக்குதா?" என்றார் இன்னொருவர்.

அமலதாஸ் கையிலிருந்த பால் பாக்கெட் கொஞ்சம் நசுங்கியது. அவர் முந்தின நாள் சாயங்காலம்தான் ரிட்டயர் ஆகியிருந்தார்.

சட்டப்படி ஆகவில்லை. சட்டப்படி பார்த்தால் மாதக் கடைசி வரை அவர் சர்க்கார் சொத்து. ஆனால் அவருடைய ஆபீசர், எல்.டி.சி. என்று சர்க்கார் செலவில் போகும் யாத்திரைக்குக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் கிளம்பவேண்டியிருந்தது. அதைத் தள்ளிப்போட்டால் பாவம் சேரும். ஆகவே வழியனுப்பு விழாவை முன்னுக்கு இழுத்துப் பதின்மூன்றாம் தேதியே நடத்தி முடித்தார்கள். தலையில் மைசூர் பேட்டா என்னும் தலைப்பாகை, கழுத்தில் சந்தனச் சீவல் மாலை. பேசியவர்கள் எல்லோரும், அமலதாஸ் இல்லாத ஆபீசை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்றார்கள். அவர் இடத்துக்கு அடுத்தபடியாக வரவேண்டிய கணேஷ்குமார் மட்டும் அதை நன்றாகவே நினைத்துப் பார்த்திருந்தான். கேசரி பரிமாறுவதற்குள் மேஜை டிராயர் சாவி அவன் பாக்கெட்டுக்குப் போய்விட்டது. அன்பளிப்பு, பம்பூ பஜாரில் வாங்கிய ஓர் ஆடும் பிரம்பு நாற்காலி. அதையும் அமலதாஸையும் ஒரே லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். பாக்கி நாட்களுக்கு அவர் லீவு எழுதிக் கொடுத்திருந்தார்.

இங்கே அவர் மாலையோடு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்த அதே சாயங்காலம், அங்கே டெல்லியில் ரிட்டயர் வயது ஐம்பத்தெட்டா அறுபதா என்ற பேச்சு ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. கேசரி சாப்பிட்டவன் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்.

அமலதாஸ் நம்புவதற்கென்று ஒரே ஒரு வாக்கியத்தை வைத்திருந்த மனிதர். 'சர்க்கார் துட்டு லேட்டா வரும், வராம இருக்காது.' இருபத்திரண்டு வயதில் உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 1960களில் ஒரு தனியார் தொழிற்சாலை இரண்டு பங்கு சம்பளம் தருகிறேன் என்றபோது, "பென்ஷன் உண்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தார். சீட்டு பிடிக்கக் கூப்பிட்டவர்களிடம் அதையே சொன்னார். பங்கு வாங்கு, நிலம் வாங்கு என்றவர்களிடமும் அதையே சொன்னார். டெல்லியில் ஏதோ ஒரு கட்டடத்தில் பெரிய இரும்பு அலமாரி இருப்பதாகவும், அதில் 'எஸ்.அமலதாஸ், மைசூர்' என்று ஒட்டிய ஓர் அறை இருப்பதாகவும், மாதாமாதம் அதற்குள் சத்தம் போடாமல் ஏதோ விழுந்துகொண்டிருப்பதாகவும் அவருக்கு மனதுக்குள் ஒரு படம் உண்டு. வெளியே சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியாமல் இல்லை.

அந்த அறையைத் திறக்கிற நாளை நம்பித்தான் ஆலனஹள்ளிப் பக்கம் ஒரு வீடு கூரை இல்லாமல் நின்றது.

மனை வாங்கியதிலும் மகன் ரொனால்டைப் படிக்கவைத்ததிலும் பி.எஃப். கரைந்துவிட்டது. சுவர் எழும்பியது மாரிசாமியின் தயவில். ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி அவர். கிராஜுவிட்டி ஜூனில் வந்துவிடும், பென்ஷனில் ஒரு பங்கையும் மொத்தமாக முன்னாலேயே வாங்கிக்கொள்ளலாம், வந்ததும் கூலியும் பாக்கியும் தீரும் என்று அமலதாஸ் சொன்னதை நம்பித் தன் கைக்காசைப் போட்டுச் சுவரை ஜன்னலுக்கு மேல் லிண்டல் வரை கொண்டுவந்து, மேலே கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் தகடும் அடித்துவிட்டார். இனி மோல்டு போடவேண்டியதுதான், அதாவது கூரைக்குக் கான்கிரீட் கொட்டவேண்டியதுதான். தகடுகள் நாள் வாடகைக்கு எடுத்தவை. அமலதாஸ் குடியிருந்த வாடகை வீட்டுக்காரரோ தன் மகளுக்காக ஜூலையில் காலி செய்யச் சொல்லியிருந்தார். மழை ஜூனில் வருவதாக இருந்தது. மழைக்கு லீவு கேட்டு எழுதும் பழக்கம் இல்லை.

பாலோடு வீடு திரும்பிய அமலதாஸ் புது நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆடியது. நிறுத்தினார். மறுபடி ஆடியது.

"என்னங்க, ஒண்ணு அது ஆடட்டும், இல்ல நீங்க ஆடுங்க. ரெண்டும் சேந்து ஆடினா எனக்குத் தல சுத்துது" என்றார் மோலி, அவர் மனைவி. தனியார் பள்ளியில் இருபத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து, பென்ஷன் இல்லாமல், அன்பளிப்பாகக் கிடைத்த ஒரு ஃபிளாஸ்க்கோடு வீட்டுக்கு வந்தவர்.

"யாரும் ரிட்டயர் ஆகமுடியாதாம் மோலி."

"நேத்து மால போட்டாங்களே, அது என்ன ஒத்திகையா?"

"வதந்தியா இருக்கும்."

"வதந்தின்னா விசாரிச்சுட்டு வாங்க. இங்க உக்காந்து தரையத் தேச்சா என்ன தெரியும்?"

லூனா மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு, தான் முந்தின நாள் கண் கலங்க விடைபெற்ற ஆபீசுக்குப் போனார். வாசல் காவலாளி எழுந்து நிற்பதா வேண்டாமா என்று பாதி எழுந்தான். உள்ளே தன் நாற்காலியில் கணேஷ்குமார் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். உயரம் போதவில்லை என்று அடியில் ஒரு தலையணை போட்டிருந்தான்.

"வாங்க சார், வாங்க! விசிட்டர்ஸ் சேர்ல உக்காருங்க" என்றான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் அவரைக் குத்தியது.

கணக்குப் பிரிவில் உமாதேவி இருந்தார். ஆபீசில் யாருக்கு எவ்வளவு எப்போது வரும் என்பதை விரல்நுனியில் வைத்திருந்த பெண்மணி. ஊழியர் கூட்டுறவு சொசைட்டிக்கும் அவர்தான் செயலாளர்.

"பேப்பர்ல போட்டிருக்கான் சார், அறுபதுன்னு."

"பேப்பர்ல ஆயிரம் போடுவான். ஆர்டர் வந்துதா?"

"இன்னும் இல்ல."

"அப்ப வரலை" என்றார் அமலதாஸ். எழுத்தில் வராதது நடக்காதது. முப்பத்தாறு வருஷமாக அந்த ஆபீசில் சூரியன்கூட சர்க்குலர் பார்த்துத்தான் உதித்தது. "சரி, அது கிடக்கட்டும். பணமே இல்லைங்கறாங்களே, அது?"

"எந்தப் பணம் சார்?"

"என் பணம். எனக்குன்னு ஒதுக்கிவெச்சிருப்பாங்க இல்ல, பென்ஷனுக்கு."

உமாதேவி சிரித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் மடித்து வைத்தார்.

"நிஜமாத்தான் கேக்கறீங்களா? அப்படி எதுவும் ஒதுக்கறதில்ல சார். பி.எஃப். உங்க பேர்ல எழுதியிருக்கும், சரி. பென்ஷனுக்குன்னு உங்க சம்பளத்துல என்னிக்காவது நான் பிடிச்சிருக்கேனா? இந்த வருஷம் வர்ற வரியில இந்த வருஷப் பென்ஷன். பத்தலைன்னா கடன்."

"கடனா?"

"கடன்தான். அதுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன். எங்க வீட்டுல நானும் அப்படித்தான் ஓட்டறேன். என்ன வித்தியாசம்னா, நோட்டு அடிக்கிற பிரஸ் நம்ம ஊர்லயே வந்திருக்கு, எங்க வீட்டுக்காரர உள்ள விடமாட்டேங்கறாங்க."

"அப்ப என் பென்ஷன் யார் தர்றது?"

உமாதேவி கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கையைக் காட்டினார். "அதோ, அந்த மாதிரி ஆளுங்க கட்டற வரிதான்."

அங்கே கணேஷ்குமார் தலையணையை எடுத்துத் தட்டி, திருப்பிப் போட்டு, மறுபடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தன் முதுமைக்கு உலகத்தில் இருக்கிற ஒரே பிணை அவன்தான் என்று அமலதாஸுக்குத் தெரிந்துபோனது. டெல்லியின் இரும்பு அலமாரி ஓசையில்லாமல் மறைந்தது.

அன்றைக்குப் பிறகு அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காலையில் பால் பூத், பிறகு ஆபீஸ், பிறகு மனை, சாயங்காலம் சர்ச் வாசல் என்று லூனா அவரைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. ஆர்டர் வரக்கூடாது என்று ஜெபித்தார். வராவிட்டால் மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகலாம், கிராஜுவிட்டி வரும். ஆனால் வருமா? கடன் வாங்கிக் கொடுப்பவன் எத்தனை நாள் கொடுப்பான்? இரண்டு வருஷம் பொறுத்தால் எல்லாமே காலியாகிவிட்டால்? இப்போதே வாங்கிக்கொண்டு ஓடுவது உத்தமம் என்று ஒரு சிக்னலில் தோன்றும். அடுத்த சிக்னலில், ஓடிப் போனவனுக்கு மாதாமாதம் எவன் தருவான் என்று தோன்றும்.

மனையில் மாரிசாமி முட்டுக்கம்புகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமுண்டி மலைக்குப் பின்னால் மேகம் கருகத் தொடங்கியிருந்தது.

"ஏனுங் சார், ரிட்டேர் ஆனாக் கூரைன்னு சொன்னீங். இப்ப ரிட்டேரே இல்லைன்னு ஊரெல்லாம் பேசறாங்களே?"

"ரெண்டு வருஷம் தள்ளிப் போகலாம் மாரிசாமி. ஆர்டர் வரலை."

"மழைக்கு ஆர்டர் வந்துருச்சுங்களே" என்று மலைப்பக்கம் பார்த்தார் மாரிசாமி. "தகடு வாடகைக்காரன் தெனமும் என்ற வீட்டு வாசல்ல வந்து நிக்கறானுங். நனைஞ்ச சொவரு நிக்குமுங், நான் நிக்க மாட்டேன்."

"உனக்கென்னப்பா, நீ வேற வேலைக்குப் போவே. எனக்கு முப்பத்தாறு வருஷம்."

"அட, உங்களுக்காச்சும் ரெண்டு வருசம்னு தேதி சொல்றாங்க. எனக்குக் கரண்டி கையிலிருந்து விழுகற அன்னிக்குத்தானுங் ரிட்டேர். எந்தக் கெழமைன்னு யாருங் சொல்றது?"

அமலதாஸ் லூனாவைத் திருப்பினார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மோலி தன் வளையல்களைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தேசமே தங்கத்த அடகு வெச்சுதே, தொண்ணூத்தொண்ணுல. நாம வெச்சா குறைஞ்சா போயிடுவோம்?"

மறுநாள் அமலதாஸ் அசோகா ரோட்டில் அடகு பிடிக்கும் ஒரு சேட்டு கடைக்குப் போனார். வளையலைத் தராசில் வைத்த சேட், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"என்ன உத்யோகம் சார்?"

"சென்ட்ரல் கவர்மென்ட். ரிட்டயர் ஆகப்போறேன். இல்ல, ஆகாமலும் போகலாம்." பிறகு, வந்ததற்குக் கேட்டுவிடுவோம் என்று கேட்டார். "சேட், உங்களுக்குக் கடன் விஷயம் தெரியும். இந்தத் தேசம் திவால் ஆயிடுமா?"

சேட் இந்தக் கேள்வியை ஏதோ தினம் நாலு பேர் கேட்பதுபோல எடுத்துக்கொண்டார். "கடன் வாங்கறவன் திவால் இல்ல சார். கேட்டாலும் கிடைக்காம போறவன்தான் திவால். தேசத்துக்கு இன்னும் எங்கேயோ கிடைக்குது. உங்களுக்குக் கிடைக்குமா, அதப் பாருங்க."

"எனக்கு யார் தருவா?"

"இப்ப சம்பளச் சீட்டு இருக்கு இல்ல? சம்பளக்காரனுக்கு எல்லாரும் தருவாங்க. ரிட்டயர் ஆன ஆளுக்கு நானே நூறு யோசன பண்ணுவேன்." வளையல்களைத் திருப்பி நீட்டினார். "இத அம்மா கையில போடுங்க. மொதல்ல உங்க ஆபீஸ் சொசைட்டியில கேளுங்க, அங்க வட்டி கம்மி."

தொழிலுக்கே துரோகம் செய்த அந்த சேட்டிடமிருந்து அமலதாஸ் வளையல்களை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். திவாலாகப் போகிறது என்று பால் பூத் முழுக்கச் சொல்லும் அதே சர்க்காரின் சம்பளச் சீட்டுதான், ஊரில் அவருக்கு இருக்கும் ஒரே மதிப்பு. வதந்தி முழுக்கப் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. ரிட்டயர் ஆக முடியாமல் போவதுதான் இப்போது அவருடைய வீட்டுக்குக் கூரை.

ஒரே மூச்சில் உமாதேவி முன்னால் போய் நின்றார். சொசைட்டி கடன் கிடைக்கும் என்றார் உமாதேவி. கம்பிக்கும் சிமென்டுக்கும் போதும், கூலிக்குப் போதாது. "ஆனா ரெக்கார்டுப்படி நீங்க இந்த மாசத்தோட போறவர் சார். போறவருக்குக் கடன் இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கீங்கன்னு ஆர்டர் காட்டுங்க, நாளைக்கே செக் போடறேன்."

"ஆர்டர்தான் வரலையே!"

"மத்த ஆபீசுக்கெல்லாம் வந்தாச்சாம் சார்."

இத்தனை நாள் வரக்கூடாது என்று ஜெபித்த காகிதத்தை இப்போது தேட ஆரம்பித்தார். தபால் பிரிவில் கேட்டார். பெட்டியில் பார்த்தார். காவலாளியைக்கூடக் கேட்டார். கடைசியில் தன் பழைய மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கணேஷ், டிராயரைத் திற."

"சார், அது இப்ப என் டிராயர்."

"தெரியும். திற."

திறந்தான். ஒரு ஏலக்காய் டப்பா, சீப்பு, அதற்கடியில் டெல்லிக் கவர். பிரித்துப் படித்து, அழகாக மடித்து வைத்திருந்தது. வந்து சேர்ந்ததற்கான முத்திரை மட்டும் அதன்மேல் விழவில்லை. முத்திரை விழாத கடிதம் அந்த ஆபீசில் பிறக்காத பிள்ளை.

"எப்ப வந்தது இது?"

"இப்பதான் சார்." அவர் பார்வையைத் தாங்காமல், "போன செவ்வாக்கிழமை" என்றான். "ஊறப்போட்டிருந்தேன் சார்."

அமலதாஸ் கவரைக் கையில் எடுத்தார். தொல்லை பிடித்த காகிதத்தை உடனே தொடக்கூடாது, ஒரு வாரம் டிராயரில் ஊறவிட்டால் பாதி தானாகவே தீர்ந்துவிடும் என்பது அவரே அந்த ஆபீசுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை. அந்த டிராயரில் எத்தனை பேருடைய மாற்றல்களையும் மருத்துவச் செலவுகளையும் அவர் ஊறவைத்திருப்பார்! ஊறுகிறவருக்கு எப்படியிருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் ஊறியிருந்தா நீங்க ரிட்டயர் ஆகியிருப்பீங்க, நான் இங்க உக்காந்திருப்பேன். உங்களுக்கும் அதானே சார் வேணும்? கூரை போடணும்னு சொன்னீங்களே! நானும் பிரமோஷன நம்பி ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிட்டேன்." கணேஷ்குமார் டிராயரை மூடினான். "ரெண்டு வருஷம் கழிச்சாவது போவீங்கன்னு என்ன கேரன்ட்டி? அப்ப அறுபத்திரண்டுன்னுட்டா?"

"நீ ஒழுங்கா வரி கட்டு. நான் போறேன்" என்றார் அமலதாஸ். கணேஷ்குமாருக்கு இது விளங்கவில்லை. அமலதாஸ் முத்திரையை எடுத்து மையில் தோய்த்து, தன் சர்வீசில் அடித்த முத்திரைகளிலேயே பலமான ஒன்றை அடித்தார்.

ஆபீசர் ராமேஸ்வரத்திலிருந்து திரும்பி வந்து, நடந்த விழா நடந்ததாகவே கருதப்படும், இரண்டாயிரமாவது ஆண்டில் இன்னொரு விழாவுக்கு யாரும் சந்தா கேட்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். தலையணை கணேஷ்குமாரின் பழைய நாற்காலிக்குத் திரும்பிப் போனது.

மே முப்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை. ஆலனஹள்ளியில் காலையிலேயே கலவை மிஷின் உறும ஆரம்பித்தது. கம்பியும் சிமென்டும் சொசைட்டிக் கடனில் வந்து இறங்கியிருந்தன. கூலி விஷயத்தை மாரிசாமியிடம் சொல்ல அமலதாஸ் மூன்று தடவை தொண்டையைக் கனைத்தார்.

"மாரிசாமி, உன் பாக்கி மட்டும் ரெண்டு வருஷம் கழிச்சுத் தர்றேன். மாசாமாசம் கொஞ்சம் தர்றேன், முழுசா அப்பத்தான். லேட்டா வரும், வராம இருக்காது."

சொல்லி முடித்ததும் அந்த வார்த்தைகளை யார் சொல்வது வழக்கம் என்று அவருக்கு நினைவு வந்தது. அரசாங்கம் நடத்துவது எவ்வளவு சங்கடமான தொழில் என்று முதல் தடவையாகப் புரிந்தது.

மாரிசாமி தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினார். "அதுவரைக்கும் நீங்க இருப்பீங்களாங்?"

"நான் இல்லைன்னா மோலி இருப்பா."

"அம்மா சொல்லட்டுங்."

"எழுதிவெச்சுக்கோங்க மேஸ்திரி, நான் கணக்கு டீச்சர்" என்றார் மோலி. அதன் பிறகுதான் மாரிசாமி மேலே ஏறிக் கையைக் காட்டினார். முதல் சட்டி கான்கிரீட் தகட்டின்மேல் விழுந்தது.

மத்தியானம் தாண்டி வேலை முடிந்து, மேலே ஈரச்சாக்கு போட்டு மூடினார்கள். மலைப்பக்கம் இடி உருண்டது. சட்டி தூக்கிய பெண்கள் கை கழுவிக்கொண்டு வந்து புதுக்கூரையின் கீழ் முட்டுக்கம்புகளுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்தார்கள். மோலி பெரிய பாத்திரத்தைத் திறந்தார். சித்ரான்னம். மஞ்சளாக, கடலைப்பருப்பு மினுமினுக்க இருந்தது.

பெண்களில் மூத்தவளான பூவாத்தாள் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கரண்டியால் அடிவரை ஒரு தடவை கிளறிப் பார்த்தாள். எலும்பு எதுவும் அகப்படவில்லை.

"மோல்டு போட்ட அன்னிக்கு எலுமிச்சஞ்சோறுங்களா?"

மோல்டு போடும் நாளில் வேலைக்காரர்களுக்கு வீட்டுக்காரர் கறிச்சோறு போடவேண்டும் என்பது கட்டட வேலையில் யாரும் மீறாத சட்டம். மகாராஜா அரண்மனை கட்டினாலும் அதற்கு விலக்குக் கிடையாது. அமலதாஸுக்கும் தெரியும். சொசைட்டி கடனில் அதற்கென்று ஒரு வரி இல்லை.

"இந்தத் தடவை இது. அப்புறம் கட்டாயம் போடறேம்மா" என்றார்.

"எப்பங்?"

"ரிட்டயர் ஆனதும்."

"எப்ப ஆவீங்?"

அமலதாஸ் வாயைத் திறந்தார். இரண்டாயிரம் மே என்று சொல்ல வந்தவருக்கு, 'அப்ப அறுபத்திரண்டுன்னுட்டா?' என்ற கணேஷ்குமாரின் கேள்வி குறுக்கே வந்து நின்றது. இலைகளை எடுத்து வரிசையாகப் போட ஆரம்பித்தார்.

பூவாத்தாள் இலையில் விழுந்த சோற்றை ஒரு உருண்டை பிடித்து வாயில் போட்டு மென்றாள். மற்ற பெண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"உப்பு சரியா இருக்குது" என்றாள் கடைசியில். "ஆனா இத அதுல கழிக்கக் கூடாதுங். இது வேற, அது வேற. கறிச்சோறு பாக்கி."

"ஆமாங், பாக்கி" என்று மாரிசாமியும் மேலிருந்தே ஒப்புதல் கொடுத்தார்.

"பாக்கிதான்" என்றார் அமலதாஸ். வெளியே முதல் தூறல் விழுந்தது.